முடிந்துபோனவற்றுக்கான சான்று

வரலாறு என்றால் முடிந்துபோன விஷயம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தால் மட்டும் போதுமா? அதற்கு ஒரு சுற்றறிக்கை வேண்டாமா? பாடநூல் அலுவலகத்துக்கு அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தபோது அங்கிருந்த யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. படித்துப் பார்த்தவர்களுக்கு அல்லவா அப்படிப் படும்?

பள்ளிப் பிள்ளைகளுக்காக உலக வரலாற்றுக் கலைச்சொல் அகராதி ஒன்று அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. அரசியல், பொருளாதாரம், சமயம் என்று மூன்று பகுதி. முடியாட்சி, பஞ்சம், ஏகபோகம், தசமபாகம் என்று வரிசையாகச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம். இதற்காக வெளியூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு வரலாற்று டீச்சரைத் தற்காலிகமாக வரவழைத்திருந்தார்கள். டீச்சர் வந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அலுவலகக் கணக்கில் அது இன்னமும் தற்காலிகம்தான்.

"பணி முடிந்ததும் விடுவிக்கப்படுவார்" என்று ஆணையில் தெளிவாக இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் டீச்சர் வாடகை அறையில் ஒற்றை அடுப்பில் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். ஊரில் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மகள் ஆறாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில் 'எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். மகள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். நல்ல கட்டுரை என்று வகுப்பில் சத்தமாக வாசிக்கவும் வைத்தார்களாம். கணவர் இதைப் போனில் சொல்லிச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். போனை வைத்த பிறகு அழுதார்.

சுற்றறிக்கை ஏன் வந்தது என்றால், அதற்குக் காரணம் முந்தைய வருடத் தேர்வு. 'ஏகபோகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக' என்ற கேள்விக்கு ஒரு மாணவன், தான் எழுதிக்கொண்டிருந்த விடைத்தாளின் ஓரத்தில் அச்சாகியிருந்த, எல்லாப் பள்ளிக்கும் தாள் விற்கும் ஒரே கம்பெனியின் பெயரைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டான். திருத்தியவர் முழு மதிப்பெண் போட்டார். மாணவன் தேறினான். திருத்தியவர் மாற்றலாகிப் போனார். அப்புறம்தான் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது.

"வரலாற்றுக் கலைச்சொற்கள் குறிக்கும் நிலைமைகள் யாவும் தற்போது நிலவவில்லை என்பதற்கு, சம்பந்தப்பட்ட துறையிடமிருந்து முடிவுச் சான்று பெற்ற பின்னரே, அச்சொற்கள் நூலில் இடம்பெறத் தகுதியுடையவை ஆகும்."

டீச்சர் சுற்றறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் அப்போதுதான் ஏதோ நிர்வாகப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். கழுத்தில் பயிற்சிக்காரர்கள் மாட்டிவிட்ட அட்டை இன்னும் தொங்கியது.

"சார், பஞ்சம்ங்கறது ஒரு சொல். அதுக்கு எதுக்கு சான்று?"

"முடிஞ்சுபோனாத்தானே டீச்சர் அது வரலாறு? முடியலைன்னா நடப்புச் செய்தி. நடப்புச் செய்தி தகவல் துறையோடது. நாம அடுத்தவங்க துறைக்குள்ள மூக்கை நுழைக்கலாமா?"

"நாப்பது சொல்லுக்கு மேல இருக்கு சார். யார் போய் வாங்கறது?"

"அகராதி யாரோட பணி?"

"என்னோடது."

"பணி முடிஞ்சாத்தானே ஊருக்குப் போவீங்க?" என்று இயக்குநர் பரிவோடு கேட்டார்.

மறுநாளே டீச்சர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலில் உணவுத் துறை. வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது. அதில் ஒரு கிழவர் செங்கல்லைத் தன் இடத்தில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவர்களைத் தாண்டி மாடிக்குப் போனார். அதிகாரி அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார்.

"பஞ்சம் முடிஞ்சுடுச்சுன்னு ஒரு சான்று வேணும் சார்."

அதிகாரி டப்பாவை மூடினார். "முடிஞ்சுதுன்னு நான் எழுதினா, ஒரு காலத்துல இருந்துச்சுன்னு ஆயிடுமே! எங்க ரெக்கார்டுல பஞ்சம் வந்ததே கிடையாது."

"அந்தக் காலத்துல ஜனங்க செத்தாங்களே சார்?"

"அது சுகாதாரத் துறை."

"கீழே ஒரு வரிசை நிக்குதே?"

"அதுவா? அது உணவு சார்ந்த காத்திருப்பு. அதுக்குத் தனிக் கோப்பு இருக்கு."

கடைசியில் இருவரும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். 'இதுவரை தொடங்கப்படாத காரணத்தால், முடிந்ததாகவே கருதலாம்' என்று எழுதி அதிகாரி கையெழுத்துப் போட்டார். டீச்சருக்கு அது சரியாகப் படவில்லைதான். ஆனால் ஒரு சொல் தேறியது. ஊர் ஒரு சொல் பக்கத்தில் வந்தது.

அடுத்தது தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சமய நிறுவனத்துக்குக் கொடுத்த பழைய வழக்கம். சமய விவகார அலுவலகத்தில் இருந்தவர் அதைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார்.

"எங்களுக்கு யாரும்மா பங்கு குடுக்கறாங்க? பங்கு பத்தித் தெரிஞ்சவங்க எல்லாம் கட்டுமானத் துறையில இருக்காங்க. அங்க கேளுங்க."

கட்டுமானத் துறைப் பொறியாளர் தங்கமான மனுஷன். டீச்சரை உட்காரவைத்து டீ வரவழைத்தார். விளக்கத்தை ஒரு தடவை படித்தார். பேனாவை எடுத்தார்.

"பத்துல ஒண்ணா? அது எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா. தாராளமா எழுதித் தரேன்."

டீச்சருக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. "ரொம்ப நன்றி சார். ஒரு துறையிலாவது உண்மையா ஒண்ணு முடிஞ்சிருக்கே!"

"பின்ன? விலைவாசி எங்க போயிருக்கு? இப்பல்லாம் ஆறுல ஒண்ணு," என்றபடி பொறியாளர் முத்திரை குத்தினார்.

அதே மாடியில் விதிமீறிய கட்டடங்களைப் பணம் வாங்கிக்கொண்டு சரியென்று ஆக்கும் பிரிவு இருந்தது. அடுத்த சொல்லான பாவமன்னிப்புச் சீட்டுக்கு, அதாவது பாவம் கழிய அந்தக் காலச் சமயத் தலைவர்கள் காசுக்கு விற்ற சீட்டுக்கு, அதுதான் பொருத்தம் என்று பொறியாளரே வழிகாட்டினார். அங்கிருந்த பெண் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டீச்சரின் நாலு வரியையும் கவனமாகப் படித்தார்.

"இது என்னங்க, 'இனிச் செய்யப்போகும் பாவத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டிச் சீட்டுப் பெறலாம் என்று மக்கள் நம்பினர்'னு போட்டிருக்கீங்க?"

"அப்படியும் நம்பினாங்க மேடம்."

"முன்கூட்டியேவா!" அவர் அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டார். "இங்க வாங்களேன். நாம கட்டி முடிச்சவங்ககிட்ட மட்டும்தானே வாங்கறோம். இதைப் பாருங்க." பிறகு டீச்சரிடம் திரும்பி, "இதுல ஒரு காப்பி கிடைக்குமா? படமும் இருந்தா நல்லா இருக்கும்," என்றார்.

அந்தக் காப்பிதான் வினையாகப் போய்விட்டது. அடுத்த மாதமே, விதிமீறிக் கட்டுவதற்கு முன்பே பணம் கட்டிவிடலாம் என்று 'முன்கூட்டிய வரன்முறைத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. டீச்சரின் நாலு வரிக்குத் துறைகளில் திடீரென்று மவுசு கூடியது. வரலாறு பேசுவது நாகரிகம் ஆகிவிட்டது. கூட்டங்களில் அதிகாரிகள் "அந்தக் கால முன்மாதிரிகள்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். சுங்கப் பிரிவு, ஊர் எல்லையில் நடந்து போகிறவனிடமும் வரி வாங்கிய மன்னன் யார் என்று விசாரித்துக் கடிதம் அனுப்பியது. சான்று வாங்கப் போன இடத்தில் எல்லாம் டீச்சருக்கு நாற்காலி கிடைத்தது. அவருக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பொய் சொல்வானேன், மனுஷி தானே!

முடியாட்சிக்காக அமைச்சர் அலுவலகம் போனார். சுவரில் அமைச்சருடைய அப்பாவின் படம். அதன் கீழே அமைச்சரின் படம். அதன் கீழே ஓர் ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தது.

"தகப்பனுக்குப் பிறகு பிள்ளை ஆளற முறை முடிஞ்சுதுன்னு சான்று வேணும்," என்றார் டீச்சர்.

உதவியாளர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா போட்டுடுவார். சின்னையாவும் போடணும். பரீட்சை நடக்குது, முடிஞ்சதும் வாங்க."

"எந்தப் பரீட்சை?"

"நாலாம் வகுப்பு."

டீச்சர் காத்திருந்து அதையும் வாங்கினார். சின்னையாவின் கையெழுத்து நன்றாகவே இருந்தது. புரட்சிக்காகக் காவல் துறைக்குப் போனபோது மட்டும், "முடிஞ்சுதான்னு கேக்கறீங்களா, எப்ப ஆரம்பிக்கும்னு கேக்கறீங்களா? உங்களை யார் அனுப்பினது?" என்று கேட்டார்கள். டீச்சர் அங்கேயே பேனாவை எடுத்து, பட்டியலிலிருந்து புரட்சியைத் தானே அடித்துவிட்டு வெளியே வந்தார். உலக வரலாற்றில் புரட்சி அவ்வளவு சீக்கிரம் எங்கும் அடங்கியிருக்காது.

இப்படியாக எல்லாச் சொல்லும் தேறி, ஒன்றே ஒன்று மிஞ்சியது. கட்டாய உழைப்பு.

தொழிலாளர் துறை அதிகாரி யோசனைக்காரர். நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்தார்.

"இதை யார்கிட்ட விசாரிக்கறது சொல்லுங்க. கட்டாயத்துல வேலை செய்யறவங்களைக் கேக்கலாம்னா, அவங்களுக்கு வாயைத் திறக்க அனுமதி இருக்காது. வாயைத் திறந்து பேசறவங்களைக் கேட்டா, அவங்க கட்டாயத்துல இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அப்ப என்னதான் சார் செய்யறது?"

"பேசற ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதும். நீங்க நல்லாப் பேசறீங்களே!"

அவரே வாசகத்தைச் சொன்னார். டீச்சர் எழுதினார். "நான் என் அலுவலகத்தில் எவ்விதக் கட்டாயமும் இன்றி, முழு விருப்பத்தின் பேரில், மனநிறைவுடன் பணியாற்றி வருகிறேன். ஆகவே கட்டாய உழைப்பு முடிந்துவிட்டது." எழுதும்போது மனநிறைவு என்ற இடத்தில் பேனா நின்றது. மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவளுக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டு, டீச்சர் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

அகராதி அச்சுக்குப் போனது. டீச்சர் பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டு, வீட்டு உரிமையாளரிடம் அறையைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டார். புத்தகம் அச்சாகி முடிந்த பிறகு, விடுவிப்பு ஆணைக்குப் பதில் ஒரு குறிப்பு வந்தது.

"மேற்படி ஆசிரியை முழு விருப்பத்துடனும் மனநிறைவுடனும் இங்கு பணியாற்றி வருவதாகத் தம் கைப்படத் தெரிவித்துள்ளபடியால், அவரை விடுவிக்க வேண்டிய அவசியம் எழவில்லை. கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது."

டீச்சர் இயக்குநர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.

"சார், இது என்ன அநியாயம்! சான்று வேணும்னு நீங்க சொல்லித்தானே எழுதினேன்?"

இயக்குநர் பதறிப்போய் எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவா டீச்சர், மெதுவா! அப்படின்னா கட்டாயத்துல எழுதினீங்களா?"

"ஆமா!"

"அப்ப சான்று செல்லாது. சான்று செல்லலைன்னா புத்தகம் செல்லாது. புத்தகம் செல்லலைன்னா பணி முடியல. பணி முடியலைன்னா உங்களை விட முடியாது."

"சரி சார், விருப்பப்பட்டுத்தான் எழுதினேன்னு வெச்சுக்குவோம்."

"விருப்பப்பட்டு இருக்கறவங்களை எப்படிங்க வெளியே அனுப்பறது? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?" இயக்குநரின் குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே டீச்சருக்காக வருத்தப்பட்டார். "ரெண்டாம் பதிப்பு வேற வருது. புவியியலுக்கும் இதே மாதிரி செய்யலாம்னு மேலிடத்துல ஆசைப்படறாங்க."

டீச்சர் அறைக்கு வந்து கட்டிய பாத்திரங்களைப் பிரிக்காமல், கணவருக்குப் போன் செய்தார். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். ஆத்திரத்தில் வார்த்தை இடறியது.

"நான் ஒருத்தி எழுதினதை வெச்சு ஊரெல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு புத்தகம் போட்டுட்டாங்க. எந்த மடையனாவது அதை நம்புவானாங்க?"

மறுமுனையில் கணவர் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்தப் புத்தகம் நம்ம பொண்ணு ஸ்கூலுக்கு நேத்தே வந்துடுச்சு. கடைசிப் பக்கத்துல, 'மேற்கண்டவை யாவும் முடிந்துவிட்டன என்பதை உறுதிசெய்கிறோம்'னு போட்டு, கீழே பிள்ளைக்கு ஒரு கோடு, அப்பாவுக்கு ஒரு கோடு, அம்மாவுக்கு ஒரு கோடு. கையெழுத்து இல்லாம வந்தா பரீட்சை எழுத விடமாட்டாங்களாம்."

"நீங்க போட்டீங்களா?"

"கடையில கூட்டம். அவ நீட்டினா, போட்டேன். எல்லா வீட்லயும்தான் போட்டாங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "உன் கோடு காலியா இருந்துச்சு. உன்னைக் கேக்கலாம்னுதான் நினைச்சேன். நீதான் வேலையா இருப்பியே. உனக்கும் சேத்து நானே போட்டுட்டேன்."

டீச்சர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கோவமா?"

"பொண்ணு போட்டாளா?"

"அவளா? க்ளாஸ்லயே முதல்ல போட்டது அவதானாம். நட்சத்திரம் குடுத்திருக்காங்க."

டீச்சரைப் பார்த்துப் பரிதாபப்படும் பெற்றோர்கள் யாராவது இருந்தால், வீட்டில் பிள்ளையின் பையைத் திறந்து அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கையெழுத்து நம்முடையதாகத்தான் இருக்கும்.