மாப்பிள்ளை மேல் வாசனை

"ஸ்ப்ரேயா, ரோல்-ஆனா, ஸ்டிக்கா?" என்று மைசூர் அக்ரஹாரத்துக் கடைக்காரர் பசவராஜ் ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார். சோப்பு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தருண்குமார் கூனிக்குறுகிப் போனான்.

அவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. மனைவி கனகா, அந்தியூரிலிருக்கும் தன் அம்மாவோடு போனில் பேசியது அன்று காலை அவன் காதில் விழுந்திருந்தது.

"அவரு மேல ஒரே வாசனைம்மா. சட்டையைக் கழட்டிப் போட்டாக்கூட ரூமெல்லாம் அடிக்குது."

அந்தியூர்க்காரி பேச்சை மைசூர்க்காரன் காதால் கேட்டதுதான் வினை. அவனுக்குப் பூர்வீகம் எல்லையோர ராமாபுரம், வீட்டில் தமிழ்தான். ஆனால் தருண்குமார் ஐயா படித்ததும் சண்டை போட்டதும் கன்னடத்தில். மைசூரில் ஒருவன் 'வாஸ்னே' என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்கிறான் என்று அர்த்தம்.

தன்னை இரண்டு பக்கமும் முகர்ந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஊதுபத்திக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து இருந்து அந்தப் பாழாய்ப்போன மூக்கு எப்போதோ மரத்துவிட்டது.

முதலில் டியோடரண்ட் ஸ்ப்ரே வாங்கினான். கொசு மருந்து அடிப்பதுபோல் அடித்துக்கொண்டான். மாலையில் அவன் கழற்றிய சட்டையைக் கனகா முகர்ந்தாள். இன்னொரு தரம் முகர்ந்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

இது போதாது என்று முடிவு கட்டி ரோல்-ஆனுக்கு மாறினான். கம்பெனியிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். கனகா சோறு போட்டபடி மெல்லக் கேட்டாள்.

"ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சனை இல்லீங்களே?"

அங்கேயும் நாறுகிறேனா என்று கேட்கிறாள்! யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினான்.

கடைசியில் ஸ்டிக். அதைப் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான்.

"எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க" என்றாள் கனகா.

பாக்கெட்டைப் பொத்திக்கொண்டு, "இல்லவே இல்ல" என்றான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். ஒருக்களித்துப் படுத்தவள், மறுநாள் ஹாலுக்கே பாயை மாற்றிவிட்டாள். அதற்கடுத்த நாள், அம்மா வருகிறாள் என்றாள்.

அழைத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று தருண்குமாருக்குத் தெரிந்துவிட்டது. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான் பாவம். ஸ்ப்ரே, ரோல்-ஆன், ஸ்டிக் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டு போய் மாமியாருக்குக் கதவைத் திறந்தான்.

பழனாத்தாள் தும்மினார். பையைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்து மருமகனை நன்றாக முகர்ந்தார். பிறகு மகளைப் பார்த்துத் தலையாட்ட, கனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தருண்குமார் கையைக் கூப்பிவிட்டான். கனகாவை மட்டும் கூட்டிப்போக வேண்டாம், எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்கிறேன் என்றான்.

"டாக்டர் எதுக்குங்க?" என்றார் பழனாத்தாள் பரிவாக. "உங்க சட்டையில வர்ற பத்தி வாசனைக்கு, வீடே கோயிலாட்டம் இருக்குதுன்னு புள்ள பூரிச்சுப்போயிச் சொல்லும். இப்ப கொஞ்ச நாளா அந்த வாசனையே இல்லைங்குது. மனசு விட்டுச் சொல்லுங்க மாப்பிள்ளை, கம்பெனியில வேலை போயி எத்தனை நாளாச்சுங்க?"