சின்னம் அண்ணாச்சியின் விரல்

திருநெல்வேலிச் சீமையில் ஜனநாயகத்துக்காகச் சின்னம் அண்ணாச்சி அளவுக்கு உழைத்த மனிதர் கிடையாது. அவருக்கு ஓட்டும் கிடையாது.

பேட்டையைத் தாண்டினால் எங்கள் தெரு. தெரு முடிகிற இடத்தில் இலங்கை அகதிகள் முகாம். கைக்குழந்தையாகப் படகில் வந்து சேர்ந்தவர் அண்ணாச்சி. பேச்சு, நடை, அல்வாவில் குற்றம் கண்டுபிடிக்கும் வாய், எல்லாம் நம்மூர்தான். குடியுரிமை மட்டும் எந்த ஊரிலும் இல்லை. எத்தனை தடவை மனுக் கொடுத்தாலும் 'பரிசீலனையில் இருக்கிறது' என்பார்கள். நடுவில் ஒருநாள், 'அகதிகள் முகாம்' போர்டை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி எழுத அவரையே கூப்பிட்டார்கள்.

"போர்டுக்கு மறுவாழ்வு கெடச்சிட்டு சார்வாள். அடுத்து நம்ம முறைதான்" என்றார். நான் வாத்தியார் என்பதால் 'சார்வாள்'.

தொழில், சுவரில் தேர்தல் விளம்பரம் எழுதுவது. வாளி, குடை, தையல் மிஷின் என்று எந்தச் சின்னத்தைக் கொடுத்தாலும் வேட்பாளரைவிட அழகாக வரைந்துவிடுவார். எங்கள் காம்பவுண்டுச் சுவரில் இடப்பக்கம் ஒரு கட்சி, வலப்பக்கம் எதிர்க்கட்சி, நடுவே பாவம் ஒரு சுயேச்சை. மூவருக்கும் 'வாக்களிப்பீர்' என்று ஒரே அக்கறையோடு எழுதினார்.

ஒருமுறை வேட்பாளர் ஒருவரின் ஜீப் வழி தவறி முகாமுக்குள் போய்விட்டது. அவர் ஒரு குழந்தையை வாங்கிக் கொஞ்சினார். "உங்கள் வீட்டுப் பிள்ளையாக நான்" என்று மைக்கில் ஆரம்பிக்கும்போது உதவியாளர் காதில் ஏதோ சொன்னார். குழந்தை தாயிடம் திரும்பியது, மைக் அணைந்தது, ஜீப் ரிவர்ஸில் கிளம்பியது.

"ஐயா, ஆரம்பிச்ச பேச்சையாவது முடிச்சிட்டுப் போங்க!" என்று அண்ணாச்சி ஜீப்பின் பின்னாலேயே ஓடினார்.

ஓட்டு நாளன்று தேய்த்த வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்பார். "உம்ம பேரு இல்லையே" என்பார் அதிகாரி. "இல்லைன்னு தெரியும். வந்துட்டான்னு ஒரு எட்டு பாக்க வந்தேன்" என்று திரும்பிவிடுவார். பிறகு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, ஓட்டுப் போட்டு வருகிற என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"என்ன சார்வாள், மைய இப்படி இழுவி வச்சிருக்கான்! பைய ஒரு கோடு இழுக்கத் தெரியலையே."

போன தேர்தலில்தான் வினை வந்தது. ஊரே விரலை நீட்டி நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஆசை தாங்காமல், தன் பெயிண்டிலேயே விரலில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அச்சு அசல் மை. பிறகு, பழக்கதோஷம், நேரே போய் வரிசையில் நின்றுவிட்டார். கள்ள ஓட்டு என்று ஏஜெண்ட் கத்த, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"உண்மையச் சொல்லும் வே, காலையில எந்த பூத்துல போட்டீரு?" என்றார் எஸ்.ஐ.

அண்ணாச்சியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. அரசாங்கம் முதன்முதலாக அவருக்கு ஓட்டு இருப்பதாக நம்புகிறது! "அது ரகசிய ஓட்டுல்லா சார், எப்படிச் சொல்ல முடியும்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது ஓர் ஏட்டு அவரை அடையாளம் கண்டுகொண்டார். "சார், இவரு முகாம் ஆளு. இவருக்கு ஏது ஓட்டு?" ஸ்டேஷனே சிரித்தது. எஸ்.ஐ. டீ வாங்கிக் கொடுத்துப் போகச் சொன்னார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மண்ணெண்ணெய்த் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மாவின் இலங்கைப் பேச்சு அப்போதுதான் அவர் வாயில் வந்தது.

"ஒரு கேஸெண்டாலும் போட்டிருக்கலாமே, சார்வாள்."

 

அடுத்த தேர்தலுக்குள் அண்ணாச்சி கண்ணை மூடிவிட்டார். மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. எங்கள் சுவரில் இந்த முறை யாரோ ஒரு பையன் வரைந்த வாளி, சட்டி மாதிரி இருக்கிறது.

ஓட்டுப் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தேன். மையை மோசமாக இழுவி வைத்திருந்தார்கள். விரலை நீட்டியபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.