டிக் டிக் விசாரணைக் குழு

மனித குலம் சந்திரனுக்கு ஆள் அனுப்பியதைப் பெரிய சாதனை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறது. மாட்டுங்கா லேபர் கேம்ப் ‘ஒற்றுமைச் சுடர்’ நலச் சங்கமோ, தன் ஆம்புலன்ஸில் எழுந்த ஒரு ‘டிக் டிக்’ சத்தத்தைக் கேட்க மூவர் குழு அமைத்து, மூன்று முறை கூடி, மூன்று முறையும் அதைக் கேட்காமலேயே தீர்ப்பு வழங்கியது. அதற்கு முன்னால் சந்திரன் எம்மாத்திரம்!

சத்தத்தை முதலில் கேட்ட பாவி டிரைவர் மாரிக்கண்ணன். காலையில் ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் இரண்டு நிமிடம் ‘டிக் டிக்’ என்று அடிக்கும். சூடானதும் சத்தம் மாயமாகிவிடும். வேறு யாராவது என்றால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு பிழைத்துப் போயிருப்பார்கள். அவனுக்கு முடியவில்லை. மனைவி விஜயலட்சுமிக்கு நிறைமாதம். வலி வந்தால் இந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரி போக வேண்டும்.

“பாத்துக்கிடுங்க, வலி வார அன்னைக்கு இது நடுரோட்டுல நின்னுச்சுன்னா ஒங்க சங்கத்துப் பேரத்தான் பிள்ளைக்கு வைப்பேன்” என்று அவள் சொல்லியிருந்தாள். ‘ஒற்றுமைச் சுடர்’ என்று ஒரு பிள்ளையைத் தெருவில் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்துவிட்டு, மாரிக்கண்ணன் சங்கத்தில் புகார் கொடுத்தான்.

“ஆதாரம் இருக்கால?” என்று கேட்டார் செயலாளர் பூதத்தான்.

மாரிக்கண்ணன் போனில் பதிவு செய்து சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டான். போன் விலை உயர்ந்தது, புத்திசாலி. இன்ஜின் சத்தத்தை வேண்டாத இரைச்சல் என்று தானாகவே நீக்கிவிட்டு, “கேக்குதா? கேக்குதா?” என்ற மாரிக்கண்ணனின் குரலை மட்டும் பளிச்சென்று அனுப்பியது. நாற்பத்தேழு பேர் கைகூப்பி வணக்கம் வைத்தார்கள்.

அதன் பிறகே குழு அமைக்கப்பட்டது. தலைவர் பிரம்மநாயகம், செயலாளர் பூதத்தான், ‘தொழில்நுட்ப நிபுணர்’ ராஹில். ராஹில் ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரிந்திருந்ததால் ஏகமனதாகத் தேர்வானான்.

முதல் அமர்வு, ஞாயிறு காலை எட்டு மணி. ஏழரைக்கே பூதத்தான் வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியையும் போட்டுவிட்டார்.

“அண்ணாச்சி, ஆறின இன்ஜின்லதான சத்தம் வரும்? இப்பமே சூடாயிரும்லா!” என்று பதறினான் மாரிக்கண்ணன்.

“தலைவர் வாராவ. வண்டி ஸ்டார்ட்ல நிக்காண்டாமா? அவியளுக்கு ஆறின டீயக் குடுப்பியால நீ? ஆறின இன்ஜின மட்டும் எப்படில காட்டுவ?”

தலைவர் வருமுன் வண்டி உறுமிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் மரபு. எட்டேமுக்காலுக்குத் தலைவர் வந்தார். பானெட்டுக்கு மாலை போட்டார்கள். அவர் காதைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

“எங்க, சத்தமே இல்லையே?”

நடவடிக்கைக் குறிப்பில் அது அப்படியே ஏறியது.

இரண்டாம் அமர்வில் ராஹில் கோளாறு காட்டும் ஒரு கருவியை வண்டியில் செருகி, போனைப் பார்த்து அறிவித்தான். “அங்கிள், ஏக் பி எரர் நஹி. ஒரு தப்புகூடக் காட்டல. மத்லப், வண்டி ஃபுல் ஃபிட்.” மூன்றாம் அமர்வுக்கு முன் மாரிக்கண்ணன் சாவியை ஒளித்து வைத்தான். பூதத்தான் மாற்றுச் சாவியால் ஸ்டார்ட் செய்துவிட்டு, மாரிக்கண்ணனுக்கு ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் கொடுத்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மாரிக்கண்ணன் மெக்கானிக் நாகூர் கனியை அழைத்து வந்தான். கனி பாய்க்குக் கருவி கிடையாது. நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் தலையில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, “இப்ப ஸ்டார்ட் பண்ணு” என்றார். பத்து விநாடி கேட்டார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, ஒரு சொட்டை இரண்டு விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“இதென்ன ஆயிலு?”

“தலைவர் அன்பளிப்பு பாய்.”

போன மாதம் ஆண்டு விழா மேடையில் தலைவர் கொடுத்த டின் அது. மூடியில் அவர் போட்டோ ஒட்டியிருந்தது. போட்டோவைப் பிரித்ததும், சீல் ஏதுமில்லாமல் மூடி தானாகவே கையோடு வந்துவிட்டது. பெரிய மனிதர்கள் கொடுக்கும் டின் அப்படித்தான் இருக்கும் போலும் என்று மாரிக்கண்ணன் நினைத்துக்கொண்டான்.

“ஏற்கெனவே எவன் வண்டியிலயோ ஓடி முடிச்ச ஆயிலு தம்பி. வடிகட்டி அடைச்சிருக்கானுவ. காலையில இது மேல ஏறுறதுக்குள்ள வால்வு தட்டுற டாப்பெட்டு காஞ்சு டிக் டிக்குன்னு அடிக்கு. இன்னைக்கே வடிச்சிட்டு நல்ல ஆயில் ஊத்து. இல்லன்னா இன்ஜின் சீஸ் ஆயி இறுகி நின்னுரும்.”

“இத கமிட்டியில வந்து சொல்லுங்க பாய்.”

“சொல்லலாம். எங்கட கடை யாரு கட்டடத்துல இருக்குன்னு ஒனக்குத் தெரியும்லா?” என்றபடி கனி பாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

மாரிக்கண்ணன் சங்கக் கூட்டத்தில் தனியாகவே போய் நின்றான். ஆயிலை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னான். பூதத்தானுக்கு வந்ததே கோபம்! “தலைவர் குடுத்தத சாக்கடையில ஊத்தச் சொல்லுதியால?”

தலைவர் பெருந்தன்மையோடு கையமர்த்தினார். வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் பிறந்தது: ‘சத்தம் ஆறிய இன்ஜினில் மட்டுமே வருவதாக ஓட்டுநரே ஒப்புக்கொள்வதால், இன்று முதல் இன்ஜினை ஆறவிடக் கூடாது.’ கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

ஆம்புலன்ஸ் அல்லும் பகலும் நின்ற இடத்திலேயே ஓடியது. நான்காம் நாள் காலை ‘கடக்’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நின்றது. அதன் பின் எத்தனை முறை சாவியைத் திருகினாலும் மூச்சில்லை. ‘சத்தம் முற்றாக ஒழிக்கப்பட்டது’ என்று மத்தியானத்துக்குள் பேனர் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே விஜயலட்சுமிக்கு வலி கண்டது. பக்கத்து வீட்டுப் பேராச்சியக்கா தன் இட்லி டெம்போவை எடுத்தாள். காலிப் பாத்திரங்களுக்கு நடுவே, மாரிக்கண்ணன் தோளைக் கடித்துக்கொண்டே விஜயலட்சுமி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் அவன் குழுவில் இருந்த மூவரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே போனான். பெண் குழந்தை. பிறந்ததும் வார்டே அதிரும்படி வீறிட்டது. அங்கே குழு எதுவும் இல்லாததால் அது எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் தலைவர் பரிவாரத்தோடு வந்தார். குழந்தை கதகதப்பான துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

“எங்க, சத்தமே இல்லையே?” என்று கனிந்தார் தலைவர். போட்டோ எடுக்கும் வரை பொறுத்து, அன்பளிப்பை நீட்டினார். பிள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெய், ஒரு பாட்டில். மூடியில் அவர் போட்டோ.

மாரிக்கண்ணன் போட்டோவைப் பிரித்தான். மூடியைத் திறந்து, ஒரு சொட்டை இரண்டு விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

“தலைவரே, இதாவது சீல் பிரிக்காததுதான?”