சமுத்திரம் அண்ணாச்சி பேசி முடித்த வண்டி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான மகத்தான காரியம், 1988 மே மாதம் ராஜபாளையத்துச் சைக்கிள் கடை ஒன்றில் நடந்தேறியது. குழந்தைகளுக்குச் சைக்கிளைவிட ஸ்கூட்டரே உகந்தது என்னும் பேருண்மையை மிளகாய் வத்தல் வியாபாரி சமுத்திரம் அன்றுதான் கண்டறிந்தார். பெட்ரோல் ஊற்றுகிற ஸ்கூட்டர் அல்ல. ஒரு காலைப் பலகையில் வைத்து, மறு காலால் தரையை உந்தித் தள்ளும் பொடிசுகளின் ஸ்கூட்டர்.

அவர் என்னவோ சைக்கிள் வாங்கத்தான் போனார். வன்னியம்பட்டிக்கு அப்பால் இருந்த அவர் ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மகள் அழகுத்தாய் ஆறாம் வகுப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். பஸ் வந்தால் உண்டு. வாடகைச் சைக்கிளில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகி, "சைக்கிள் வாங்கித் தந்தா நானே போயிருவேன்" என்று அப்பாவிடம் சம்மதமும் வாங்கியிருந்தாள்.

சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்குவது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்பது சமுத்திரத்தின் கொள்கை. அய்யனார் கோவிலுக்குக் கிடா நேர்ந்துவிட்டு, காரியம் முடிந்ததும் சாமியிடம் நின்று பேசிச் சேவலுக்கு இறக்கியவர் அவர். சைக்கிள் கடை அருளப்பன் எம்மாத்திரம்?

"என்னய்யா, இந்த இரும்புக் குழாய்க்கு எம்புட்டு சொல்லுத?"

"டைனமோ, கேரியர் அம்புட்டும் சேத்துத்தான் அண்ணாச்சி."

"பகல்ல போற பிள்ளைக்கு டைனமோ எதுக்கு? கழத்து."

கழற்றினார். விலை இறங்கியது. சமுத்திரத்துக்கு நாக்கில் ருசி தட்டிவிட்டது.

"கேரியர்?"

"பைக்கட்டு வைக்கணும்லா?"

"முதுகு எதுக்கு இருக்கு? கழத்து. அது என்ன, சீட்டா? உக்காந்தே போனா பிள்ளை சோம்பேறியாப் போயிரும். செயினு வேற. பாவாடை மாட்டவா?"

அழகுத்தாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, செயின் இல்லாம எப்படிப்பா ஓடும்?"

"செத்த சும்மா இருட்டி. வெல இறங்கிக்கிட்டு வருதுல்லா?"

அருளப்பனும் வியாபாரிதான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பரணில் ஏறினார். "அண்ணாச்சி, நீங்க வேண்டாம்னு சொன்ன எதுவுமே இல்லாத வண்டி ஒண்ணு ரெடியாவே இருக்கு." பல வருஷத் தூசியைத் தட்டி இறக்கினார். இரண்டு குட்டிச் சக்கரம், ஒரு பலகை, ஒரு கைப்பிடி. சொன்ன விலையோ, சமுத்திரம் கேட்க நினைத்ததைவிடக் குறைவு!

வீட்டு வாசலில் மனைவி சீனியம்மாள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சைக்கிள எங்க?"

"இதான். பேசிப் பேசி வாங்குனேன்."

"பேசாமலே இருந்திருக்கலாம்."

வீட்டில் எடுபடாத உண்மை வெளியில் எடுபடும். ஊர் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், "சிறார் வாகன முன்னேற்றம்" என்ற பொருளில் சமுத்திரம் உரையாற்றினார்.

"இதுல பஞ்சர் கிடையாது. ஏன்? காத்தே கிடையாது! சைக்கிள்னா பின்னால எவனாச்சும் ஏறிக்கிடுவான். இதுல நாமளே உக்கார முடியாது, அடுத்தவன் எங்க உக்கார?"

"விழுந்துட்டா?" என்றார் ஒருவர்.

"எங்கன இருந்து விழ? தரையிலதான நிக்கு!"

வெல்லக்கடை தவசிமுத்து எழுந்தார். "எல்லாஞ் சரி அண்ணாச்சி. தூரமாப் போகணும்னா?"

"பொம்பளப் பிள்ளைக்கு என்னய்யா தூரம்?"

மன்றம் அதிர்ந்தது. பெண்ணைப் பெற்ற தகப்பன்மார் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஞானம் பிறந்தது. சைக்கிள் கேட்டு அழுத மகள்களுக்கெல்லாம் ஸ்கூட்டர் வந்திறங்கியது. அருளப்பனின் பரண் காலியானது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அழகுத்தாய் சீருடை மாட்டி, ஸ்கூட்டரில் ஏறி உந்தினாள். ஊர் எல்லை மணலில் சக்கரம் புதைந்தது. பஸ்ஸும் நிற்காமல் போயிற்று. வெயில் ஏறிய பிறகு, வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தாள்.

"ஏட்டி, என்ன தூக்கிட்டு வார?"

"இதையும் உங்க சங்கத்துல சொல்லுங்கப்பா. சைக்கிள்னா அது நம்மளத் தூக்கிட்டுப் போகும். இத நாமளே தூக்கிக்கிடலாம்."

"நாளைக்கு நானே கொண்டுபோயி விடுதேன்" என்றார் சமுத்திரம். மறுநாள் வத்தல் லோடு வந்தது. அதற்கு மறுநாள் சந்தை. பிறகு, "அடுத்த வருசம் பாப்பம்ட்டி" என்றார்.

வருட முடிவில் சங்கத்தின் அறிக்கையை அவரே வாசித்தார்: "சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூர் போன பையன்களில் பலருக்கு முழங்கால் பெயர்ந்தது. சிலர் தாமதமாகப் போய் வெளியே நின்றார்கள். பாதிப் பேர் கணக்கில் தோற்றார்கள். ஸ்கூட்டர் பெற்ற பெண் பிள்ளைகளிலோ ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. ஒருத்தியும் தாமதமாகப் போகவில்லை. பரீட்சையில் தோற்றவள் ஒருத்திகூட இல்லை!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அறிக்கையில் ஒரு பொய்யும் கிடையாது. பரீட்சை எழுதியவள்தான் ஒருத்தியும் கிடையாது.