தீவுப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாட்டுத் தரகர்

இந்த உலகத்தில் யாருக்கும் எதையும் சும்மா கொடுக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் தெருத் துண்டு அண்ணன்தான். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். அள்ளி அள்ளிக் கொடுப்பார். ஆனால் பதிலுக்கு ஏதாவது ஒன்றை, ஒரு வெற்றிலையையாவது, வாங்கிக்கொள்ளாமல் அவர் கையிலிருந்து ஒரு துரும்பும் போகாது.

கம்பத்தை அடுத்த கூடலூர் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சாமியாருக்கும் அவருடைய மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் துண்டு. தொழில் மாட்டுத் தரகு. சந்தையில் தரகர்கள் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டை விரித்து அதற்குள் இரண்டு பேரும் கையை விட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரல் என்பது பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. சுற்றி ஊரே நின்றாலும் யார் எவ்வளவு கேட்டார், யார் எவ்வளவுக்கு இறங்கினார் என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்தத் தொழில் துண்டு அவர் தோளைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவில் கோட்டுக்கு மேல் பச்சைத் துண்டு கிடக்கிறது. எடுத்துவிட்டு நிற்கும்படி போட்டோக்காரர் கெஞ்சியதாகவும், கடைசியில் மணப்பெண்ணே "விடுங்க, துண்டுக்கும் சேத்துத்தான் வாக்கப்பட்டுருக்கேன்" என்று சொன்னதாகவும் கேள்வி.

எங்கள் தெருவில் ரோசம்மா அக்கா என்று ஒருவர். கணவர் இல்லை. பால் ஊற்றித்தான் பிழைப்பு. அவருடைய ஒரே மாடும் ஒருநாள் செத்துப்போனது. மறுநாள் காலையில் துண்டு ஒரு சினை மாட்டைக் கொண்டுவந்து அவர் வாசலில் கட்டினார்.

"ஏத்தா, அந்த மரத்துல நாலு முருங்கக்கா பறிச்சுக் குடு. மாட்டப் புடிச்சுக்க."

ரோசம்மா அக்கா அழுதுகொண்டே முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தார். துண்டு அதைத் திருகிப் பார்த்தார். "இது முத்தல். வேற பறி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அழுதுகொண்டிருந்த அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முத்தலா? எங்க மரத்துக் காயா முத்தல்?" என்று சண்டைக்கு வந்தார். அரை மணி நேரம் இருவரும் முருங்கைக்காய்க்கு மல்லுக்கட்டினார்கள். அதில் மாட்டை ஓசியில் வாங்குகிறோம் என்பதே அக்காவுக்கு மறந்துபோனது.

கோயில் வாசலில் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரையும் அவர் விடமாட்டார். காசைக் கையில் வைத்துக்கொண்டே "இன்னைக்கு மழ இருக்குமா?" என்று கேட்பார். பெரியவர் மேற்கு மலையை அண்ணாந்து பார்த்து ஏதாவது சொன்ன பிறகுதான் காசு தட்டில் விழும். இப்படியே பழகி, அந்தப் பெரியவர் மழை சொல்வதில் பெரிய ஆளாகிவிட்டார். திராட்சைத் தோட்டக்காரர்கள் மருந்து அடிப்பதற்கு முன்னால் அவரைத்தான் கேட்கிறார்கள். கோயிலுக்கு வராத வேற்று மதத்தாரும் வாசல் வரை வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் தானம் கொடுக்கக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அந்தச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தவர் ஸ்டீபன் சார். ஓய்வுபெற்ற அதிகாரி, எங்கள் கோயில் பங்கு மக்கள் சங்கத்தின் செயலாளர். கொச்சியில் கப்பல் ஏறி லட்சத்தீவுக்குப் போவது. பகலில் தீவு, ராத்திரி கப்பல். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அறிவித்தார். "சும்மா சுத்திப் பாத்துட்டு வந்தா நல்லாருக்காது. அங்கன தீவுல ஏழைப் பிள்ளைங்க இருக்கும். நோட்டு, பென்சில், பையின்னு கொண்டுபோய்க் குடுப்போம்."

எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஊரே வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் சாக்கு என்றால் ஏலக்காய்ச் சாக்குதான். அதில்தான் எல்லாவற்றையும் கட்டினோம். கூடவே எங்கள் சங்கத்தின் பெயர் போட்ட ஒரு பெரிய பேனரும் அடித்தார் ஸ்டீபன் சார். அதில் அவருடைய படமும் இருந்தது, சற்றே பெரிதாக.

துண்டைச் சேர்த்துக்கொண்டது அவருடைய மலையாளத்துக்காக. எங்கள் பக்கம் அரைகுறை மலையாளம் எல்லோருக்கும் வரும். இவர் கேரளத்து மாட்டு வியாபாரிகளோடு காலமெல்லாம் புழங்கியவர். என்ன, அத்தனையும் மாட்டு மலையாளம். கொச்சித் துறைமுகத்தில் எங்கள் அனுமதிச் சீட்டைப் பார்த்த அதிகாரியிடம், மாட்டைப் பல் பார்த்து வாங்கிய பழக்கத்தில், "ஸாரினு நல்ல பல்லு" என்று மனதாரப் பாராட்டினார். அந்த அதிகாரி வாயை மூடியவர், நாங்கள் தாண்டிப் போகும்வரை திறக்கவில்லை.

கப்பலில் எனக்குத் தலை சுற்றி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்து, படுத்த படுக்கையானேன். துண்டுக்கு ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தோளில் துண்டோடு நின்றவரைப் பரிமாறுகிறவர் என்று நினைத்து, ஒரு வடநாட்டுக்காரர் டீ கேட்டாராம். இவரும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பதிலுக்கு அவர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை வாங்கி ஆசை தீரக் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு மூன்று வேளையும் டீ இவர் கையால்தான்.

அன்று சாயங்காலம் ஸ்டீபன் சார் எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச்சொல்லி ஒத்திகை நடத்தினார். நானும் எப்படியோ எழுந்து போனேன். "பேனர் பின்னால. பிள்ளை இடது பக்கம், நாம வலது பக்கம். பையை ரெண்டு பேரும் புடிச்சிருக்கணும். பிள்ளை சிரிக்கணும், அது முக்கியம். பிள்ளைக்குப் பதிலா இப்ப நீங்க வந்து நில்லுங்க" என்று துண்டைக் கூப்பிட்டார். துண்டு அசையவில்லை. சட்டென்று திரும்பிக் கப்பலின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார்.

பின்னாலேயே போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, ஸ்டீபன் சார் மேல கோவமா?"

"அவரு நல்ல மனுசன் தம்பி. நல்ல மனுசங்கதான் இதச் செய்வாக."

அப்புறம் அவராகவே சொன்னார். அஞ்சாம் வகுப்பில் படித்தபோது ஒரு மில் முதலாளி பள்ளிக்கூடத்துக்கு வந்து ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுத்தாராம். ஏழைப் பிள்ளைகள் தனி வரிசை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, போய், கும்பிட்டு, வாங்கி, போட்டோவுக்கு நிற்க வேண்டும். இவர் சிரிக்கவில்லை என்று திரும்ப ஒருமுறை நிற்க வைத்திருக்கிறார்கள். மத்தியானம் முதலாளியின் மகன், அவனும் அதே வகுப்பு, இவர் எழுதுவதை எட்டிப் பார்த்து, "அது எங்க அப்பா நோட்டு" என்று சொல்லியிருக்கிறான்.

"அவன் பொய்யா சொன்னான்? உள்ளதத்தான் சொன்னான். நோட்ட மூடி பெஞ்சுமேல வச்சுட்டு எந்திரிச்சேன். நேரா சந்தைக்குப் போய்ட்டேன். அங்கன ஒருத்தர் துண்டுக்குள்ள கையவிட்டுப் பேசிக்கிட்டு இருந்தாரு. தோத்தவன் யாரு, செயிச்சவன் யாருன்னு எவனுக்கும் தெரியல. ரெண்டு பேரும் தல நிமிந்து போனாக. இதுதான் நமக்குத் தொழில்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஒரு பிள்ளை இப்படிப் பைய வச்சுட்டு எந்திரிச்சுப் போச்சுன்னா, நான் இந்தக் கப்பல்ல திரும்ப ஏற முடியாது தம்பி." நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அடுத்த நாள் காலை சிறு படகில் எங்களைத் தீவில் இறக்கிவிட்டார்கள். வழிகாட்டியாக வந்த பையனின் அக்காதான் அங்கே ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை. சாக்குகளைச் சுமந்துகொண்டு போனோம். பள்ளிக்கூடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைவிட நன்றாக இருந்தது. வகுப்பில் பெரிய திரை, சுற்றிலும் பூச்செடி. பிள்ளைகள் எல்லோரும் பளபளவென்று ஷூ போட்டிருந்தார்கள். ஸ்டீபன் சார் தன் ரப்பர் செருப்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

தலைமை ஆசிரியை மரியாதையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சாக்கைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. "வேண்டா சார். இவிடெ எல்லாம் உண்டு."

அவர் சொன்னது இதுதான்: முன்பொரு முறை சுற்றுலா வந்தவர்கள் படகிலிருந்து மிட்டாயை வீசினார்கள். பிள்ளைகள் விழுந்து பொறுக்குவதைப் படம் பிடித்துப் போனில் பரப்பினார்கள். அதைப் பார்த்துத் தீவே தலைகுனிந்தது. அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் யாரிடமும் கை நீட்டி வாங்குவதில்லை என்று பெற்றோர் எல்லோரும் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். மன்னிக்க வேண்டும்.

ஸ்டீபன் சார் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுருட்டிய பேனர் அவர் மடியில் கிடந்தது. ஊர் முழுக்க ஆசையாகக் கொடுத்த பொருள். திரும்பக் கொண்டுபோய் என்ன பதில் சொல்வது? பாவமாக இருந்தது.

அப்போது துண்டு எழுந்தார். "டீச்சரே, ஞான் தரான் வந்நதல்ல. விற்கான் வந்நதாணு." கொடுக்க வரவில்லையாம், விற்க வந்தாராம்.

"பள்ளியில் காசு வாங்கக் கூடாது" என்றார் டீச்சர், மலையாளத்தில்.

"காசு எந்தினா? தேங்ஙா மதி." காசு எதற்கு, தேங்காய் போதுமாம்.

டீச்சர் அவரையும் அவர் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு தென்னை. தேங்காய் இல்லாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. டீச்சர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. இடைவேளை மணி அடிக்கச் சொன்னார்.

முற்றத்து மர நிழலில் துண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துண்டை விரித்து, ஒரு விரலுக்கு ஒரு தேங்காய் என்று விளங்கவைத்தார். சாக்கைப் பிரித்ததும் ஏலக்காய் வாசம் குப்பென்று கிளம்பியது. பிள்ளைகள் நோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அது சந்தையாகிவிட்டது. ஒரு பையன் துண்டுக்குள் கையை விட்டதும் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, குடி முழுகிப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். யார் என்ன விலை சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி மட்டும் உடனே கையை விடவில்லை. ஒரு பையை எடுத்து உள்ளும் புறமும் பார்த்தாள். ஸிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. "இது கொள்ளில்லா" என்று பையை அவர் மடியிலேயே போட்டாள். நன்றாக இல்லையாம்.

துண்டு வேறு பை எடுத்துக் கொடுத்தார். அதிலும் தையல் சரியில்லை என்றாள். மூன்றாவது பைதான் அவளுக்குப் பிடித்தது. விலை பேசி முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறைப்பாக நடந்து போனாள். துண்டு என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"பாத்தியா தம்பி, குத்தம் சொல்லுது."

பிறகு துண்டை உதறுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் வீட்டுக்கு ஓடித் தேங்காயோடு வந்தார்கள். துண்டு எண்ணவில்லை. காலிச் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அவரவர் பேசிய கணக்கை அவரவர் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஸ்டீபன் சார் மனம் கேட்காமல் டீச்சரிடம் போய் ஒரே ஒரு போட்டோ என்று இழுத்தார். "கடையில் சாமான் வாங்கறவரெ போட்டோ எடுக்குமோ சார்?" என்று கேட்டார் டீச்சர். ஸ்டீபன் சார் யோசித்தார். இல்லை என்று தலையாட்டினார். சாக்கு கொள்ளாமல் தேங்காய் வழிந்தபோது, பேனரைப் பிரித்து அதில் மூட்டை கட்டியது அவர்தான். யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

படகுக்காரர் எங்களைத் திட்டிக்கொண்டேதான் மூட்டைகளை ஏற்றினார். குமுளியிலிருந்து இறங்கும் பஸ்ஸில் கண்டக்டர் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்னும் காது கூசுகிறது. "ஏண்ணே, கம்பத்துக்கா தேங்கா கொண்டு போறீக? அங்கன விக்கமாட்டாம கெடக்கு."

பதில் சொன்னது ஸ்டீபன் சார். "யாவாரத்துக்குப் போனோம்ப்பா. நல்ல வெலைக்குப் போச்சு." அந்த மனிதர் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பொருள் கொடுத்த வீட்டுக்கெல்லாம் தேங்காய் போனது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. சட்னி அரைத்துச் சாப்பிட்டோம்.

துண்டு இப்போதும் சந்தைக்குப் போய்வருகிறார். தீவுப் பேச்சை எடுத்தால் "நல்ல பார்ட்டிக" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எனக்கும் வயதாகிறது. கடைசிவரை யாரிடமும் எதையும் வாங்காமல் ஒருவரும் போய்ச்சேர முடியாது. கை நீட்டி வாங்கவேண்டிய அந்த நாள் எனக்கு வந்தால், எதிரே நிற்பவர் அவராக இருக்க வேண்டும். என்னிடம் இல்லாததைப் பார்க்காமல், இருப்பது எது என்று அவர்தான் தேடுவார்.