நாளைக்கு நான் போவேன்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். முன்பின்னாகச் சொல்லி, என் கணவரை நீங்கள் முட்டாள் என்று நினைத்துவிட்டால்? அவர் கெட்டிக்காரர். கடிகாரம் பழுதுபார்ப்பவர். அயல்நாட்டு மருமகளோடு அவள் மொழியிலேயே பேசுவேன் என்று சபதம் போட்டு, இந்த வயதில் புத்தகம் வாங்கிப் படித்தவர்.

படிக்கிற முறை இதுதான். வாக்கியம் ஒன்றே, நடுவில் ஒரு சொல் மட்டும் மாறும். நான் தமிழில் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் அதை அந்த மொழி வாக்கியத்தில் பொருத்துவார்.

“சந்தை” என்பேன். “நாளைக்கு நான் சந்தைக்குப் போவேன்” என்று அந்த மொழியில் சொல்வார். “தபால் ஆபீஸ்” என்றால் தபால் ஆபீசுக்கும் போவார். குளியலறைக்குள்ளிருந்துகூட, “அடுத்தது என்னடி?” என்று குரல் வரும்.

ஊரெல்லாம் போகிறவர் கண் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகமாட்டார். இரண்டு கண்ணிலும் புரை. கடிகாரத் திருகாணியை விரலால் தடவித் தேடுகிறார். தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

“ஆபரேஷன் செஞ்சுக்குங்களேன்!”

“கண்ணுல கத்தியா? போ, உனக்கு வேற வேலை இல்ல.”

மகன் மருமகளை அழைத்து வந்தான். இவர் தொண்டையைக் கனைத்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எடுத்துக் கொடுக்காமல் வாக்கியம் கிளம்பவில்லை! பரிதாபமாக என்னைப் பார்த்தார். என் மனதில் கிடந்ததுதான் வாயில் வந்தது.

“கண் ஆஸ்பத்திரி.”

இரண்டும் அவர் படித்த சொற்களே. யோசிக்காமல் அந்த மொழியில் முழங்கினார். மருமகள் கைதட்டினாள். ஏதோ கேட்டாள்.

“பிரமாதம்ப்பா! எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு கேக்குறா. அவளும் வர்றாளாம்.”

“எங்கடா?”

“கண் ஆஸ்பத்திரிக்கு. நாளைக்குப் போறேன்னு நீங்கதானே சொன்னீங்க? என்ன சொல்றோம்னு தெரியாமலா சொன்னீங்க?”

“தெரியாமலா? யாருக்குடா தெரியாது?” மீசையைத் தடவினார். “காலைல ஒன்பது மணிக்கு!”

அந்த ரோஷம் எத்தனை பேருக்கு வரும்? ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அந்தக் கண்ணால் இப்போது என்னை ரொம்பத் தெளிவாக முறைக்கிறார்.

“இனிமே நீ வார்த்தை எடுத்துக் கொடுக்க வேணாம். மருமக கொடுக்கட்டும். அவ சூதுவாது தெரியாதவ.”

இன்னொரு கண் பாக்கி இருக்கிறதே! எனக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, மருமகளுக்கு முதல் தமிழ்ப் பாடத்தை நானே நடத்திவிட்டேன்: “கண் ஆஸ்பத்திரி.”