சீர்க்காரரின் தாம்பாளம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள், போலீசுக்குப் பயப்படாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சீர்க்காரருக்குப் பயப்படாத ஓர் ஆளை மட்டும் நான் பார்த்ததில்லை. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. அதில் அவர் வார்டு மெம்பராக இருந்தார். ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தவர்களே அவரை எதிரில் கண்டால் சந்துக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். அதில் முதல் ஆள் நான்தான். எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம்.

எல்லாம் ஊருணியால் வந்தது. இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் பாடுபட்டு, மேடு தட்டிக் கிடந்த ஊருணியைத் தூர் வாரினார். மழை பெய்து தண்ணீரும் நின்றது. மறுவாரமே ஊர் ஜனம் பழைய பழக்கத்தில் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியது. கெஞ்சிப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். குப்பை கொட்டாதீர்கள் என்று போர்டு வைத்தார். கொஞ்ச நாளில் அந்தப் போர்டும் குப்பையோடு சேர்ந்து மிதந்தது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் மனிதருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மேளதாளத்தோடு தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் போகும். சீர் வந்தால் வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊருணியில் கிடக்கும் பையைக் கிளறி, உள்ளே காஸ் ரசீதோ மருந்துச் சீட்டோ அகப்பட்டால் இன்னார் வீட்டுப் பை என்று கண்டுபிடித்துவிடுவார். அந்தக் குப்பையைத் தாம்பாளத்தில் அழகாக அடுக்கி, சிவப்புத் துணி போர்த்தி, வெற்றிலை பாக்கு வைத்து, முன்னால் நாயனமும் தவிலும் முழங்க அந்த வீட்டுக்கே ஊர்வலமாகக் கொண்டுபோவார். சீர்க்காரர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

"ஒங்க வீட்டுப் பொருளு வழி தெரியாம ஊருணிக்கு வந்துருச்சுங்க. பத்திரமா ஒப்படைச்சுட்டேன். எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து வாங்கிக்கங்க" என்பார். குரலில் ஒரு துளி கேலி இருக்காது. அதுதான் இன்னும் பயம்.

முதல் சீர் ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனது. பேரப்பிள்ளையின் டயப்பர்கள். ஹெட்மாஸ்டர் வாங்கி உள்ளே வைத்துவிட்டு மெடிக்கல் லீவு போட்டார். கோழிக்கடைக்காரர் வீட்டுக்கு இறகுச் சீர் புறப்பட்டபோது, அவர் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து அறந்தாங்கியில் மாமியார் வீட்டுக்கு ஓடிவிட்டார். சீர் அறந்தாங்கிக்கே போனது. பஸ்ஸில், மேளத்தோடு.

இதையெல்லாம்விட எங்களை நடுங்க வைத்தது வேறு. ஒருநாள் ஊருணிப் படிக்கட்டில் ஒரு ஷாம்பு பாக்கெட் கிடந்தது. போட்டது அவர் மனைவியேதான். மேளம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. "வீட்டுல யாருங்க?" என்று சொந்தக் கதவைத் தட்டினார். அதே வசனத்தை ஒரு வார்த்தை குறையாமல் பெண்டாட்டியிடம் சொன்னார். அந்த அம்மாள் சீரை வாங்கிக்கொண்டு, "ராத்திரி சோத்துக்கு இங்கிட்டுத்தான வரணும், வாங்க" என்றார். அவர் அதற்கும் அசரவில்லை. இந்த மனிதரிடம் தயவு தாட்சண்யம் கிடையாது என்பது ஊருக்கு அன்று புரிந்தது. தவில் சத்தம் கேட்டாலே யார் எதைப் போட்டது என்று வீட்டுக்கு வீடு விசாரணை நடக்கும்.

இப்படிப்பட்டவருக்கு விருது அறிவித்தார்கள். சுற்றுச்சூழலுக்காகப் புதுமையாக உழைத்த ஊர்த் தலைவர்களைப் புதுக்கோட்டையில் மேடையேற்றிக் கௌரவிக்கிறார்களாம். ஊரே கொண்டாடியது. விருதுக்காக இல்லை. அன்று பூராவும் மனிதர் ஊரில் இருக்கமாட்டாரே! முகூர்த்த நாளாகவும் அமைந்துவிட, காதுகுத்து, பால்காய்ச்சு எல்லாம் அந்தத் தேதிக்கு மாறின. என் மகள் தேன்மொழியின் நிச்சயதார்த்தத்தையும் அன்றைக்கே வைத்தேன்.

எனக்கு இருந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. தேன்மொழிக்கு ஏற்கெனவே கைகூடி வந்த இடம் ஒன்று தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனை அவளுக்கு மனதாரப் பிடித்திருந்தது. ஆனால் சம்பந்தி ஆகப்போகிறவர் வல்லத்திராக்கோட்டைக்காரர். வழக்கம், முறை என்றால் உயிரை விடுகிறவர். முன்னால் பார்த்த ஒரு பெண்ணை, சந்தனக் கிண்ணத்தை இடது கையால் நீட்டினார்கள் என்பதற்காகவே வேண்டாம் என்றவர். அவர் முன்னால் நான் தும்மக்கூட யோசித்தேன்.

காலையில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். மதியத்துக்கு மேல் தட்டு மாற்றப்போகும் நேரத்தில், ஊருணிப் பக்கமிருந்து தவில் சத்தம் கேட்டது.

"சீர்க்காரர் புதுக்கோட்டைல இல்ல இருக்காரு?" என்று என் மனைவி காதைக் கடித்தாள்.

அப்புறம்தான் தெரிந்தது. விருதை வாங்கியவர், சாப்பாட்டைப் பிளாஸ்டிக் தட்டில் போட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாராம். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஊருணிக்குப் போயிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வெளுத்துப்போய் நின்றார். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர். அங்கே மிட்டாய்த் தாளைக்கூடச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்.

"அத்தான், காலைல தின்ன தெர்மாகோல் தட்டெல்லாம்... ஊருணிலதான் போட்டுட்டு வந்தேன். அவருதான் ஊருல இல்லயேன்னு..."

"அடப்பாவி, நம்ம வீட்டுதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"அந்த ஒடஞ்ச பேர்ப்பலகையும் அதுலதான் கெடக்கு."

மாப்பிள்ளை பெயரும் பொண்ணு பெயரும் ஜிகினாவில் ஒட்டிய தெர்மாகோல் பலகை அது. துப்பு துலக்கும் சிரமத்தைக்கூட அவருக்கு வைக்கவில்லை.

சத்தம் டீக்கடையைத் தாண்டியது. கோயிலைத் தாண்டியது. அண்டை வீட்டுக்குப் போகட்டும் கடவுளே என்று, அவர்களும் நல்லவர்கள்தான் என்பதையும் மறந்து வேண்டிக்கொண்டேன். மேளம் எங்கள் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது. விழாவில் போர்த்திய சால்வை தோளிலேயே இருக்க, சீர்க்காரர் நின்றார். பின்னால் சிவப்புத் துணி மூடிய மூன்று தாம்பாளங்கள்.

சம்பந்தி எழுந்துவிட்டார். "யாருங்க இது, இம்புட்டுப் பெரிய சீரோட?"

நான் மனைவிக்குப் பின்னால் நகர்ந்தேன். மச்சான் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். சீர்க்காரர் தொண்டையைச் செருமினார். வசனம் வரப்போகிறது. என் மகள் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த தேன்மொழி எழுந்து வாசலுக்கு வந்தாள். "எங்க மாமா" என்றாள் சம்பந்தியிடம். பிறகு அவரைப் பார்த்து, "வாங்க மாமா, ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

சீர்க்காரர் அவளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். நான் இருந்த கோலத்தையும் பார்த்தார்.

"வாரேன் ஆத்தா. புதுக்கோட்டைல ஒரு சோலி, லேட்டாயிருச்சு" என்று உள்ளே வந்தார்.

சம்பந்தி ஆசையாகத் தாம்பாளத்தை வாங்கித் துணியைத் தூக்கப் போனார்.

"பிரிக்கப்படாதுங்க!" என்றார் சீர்க்காரர். "எங்க ஊரு வழக்கம். நிச்சயத்தன்னைக்கி வர்ற மாமன் சீர மறுநா விடியத்தான் பிரிக்கணும்."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் கிடையவே கிடையாது. சம்பந்திக்கோ கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, முறைய விடாத ஊரு" என்று தன் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சி, "பலாப்பழ வாசன அடிக்குதே" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். தாம்பாளங்களைப் பந்தல் நடுவில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். தட்டு மாற்றியதும் அவற்றைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆல்பத்தில் இப்போதும் இருக்கிறது. புறப்படும்போது சீர்க்காரர், அன்று காலைதான் தனக்குப் போர்த்திய சால்வையை எடுத்து மாப்பிள்ளை தோளில் போட்டுவிட்டுப் போனார்.

தப்பித்தோம் என்று தூங்கினேன். மறுநாள் பொழுது விடிந்ததும் வாசலில் தவில். தெருவே பார்க்க, சீர்க்காரர் அந்தத் தாம்பாளங்களை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லித் தன் கையால் துணியை விலக்கி, "ஒங்க வீட்டுப் பொருளு வழி தெரியாம..." என்று ஆரம்பித்து ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தார். மச்சான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தேன்மொழி காபி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கியவர் உடனே குடிக்கவில்லை. "நேத்து நீ மாமான்னு கூப்பிட்டப்ப எனக்கே பயமாப் போச்சு ஆத்தா" என்றார். "நான் வர்றதப் பாத்துட்டு இந்த ஊருல யாரும் வாங்கன்னு எதுக்க வந்ததில்ல. மேடைல ஏறுனப்பகூட நான் இப்படிப் பயப்படல."

ஊரையே நடுங்க வைத்த மனிதர் எங்கள் மீதெல்லாம் என்ன வருத்தத்தோடு இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேன்மொழி கல்யாணத்தில் மாமன் சீர் முதலில் அவர் கையிலிருந்துதான் வந்தது. இப்போது அவர் மெம்பர் இல்லை, ஊருணியை மட்டும் விடவில்லை. எனக்கும் அவரிடம் பயம் போகவில்லை. ஆனாலும் தவில் சத்தம் காதில் விழுந்ததும் என் மனைவி அடுப்பில் பால் வைத்துவிடுகிறாள். சீர் யார் வீட்டுக்குப் போனாலும், காபிக்கு அவர் எங்கள் வீட்டுக்குத்தானே வரவேண்டும்.